ஒரு புள்ளடியின் பெறுமதி

இரைப்பையில் ஊறும் சாறே உணவைக் கரைக்கின்றது என்று வகுப்பறையிற் கற்பிக்கின்றோம். இவ்வறிவு யாருடைய உடலிலிருந்து பெறப்பட்டதென்பதைச் சொல்ல மறந்துவிடுகின்றோம்.

1822 ஆம் ஆண்டு யூன் 6 ஆம் நாள், வட அமெரிக்காவின் மக்கினாக் தீவில், விலங்குத்தோல் வாணிபக் கம்பனியொன்றின் கடையில் துப்பாக்கியொன்று தவறி வெடித்தது. கம்பனித் தொழிலாளியான அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்னும் கனடிய இளைஞரின் வயிறு கிழிந்தது. இராணுவ வைத்தியர் வில்லியம் போமொன்ட் அவருக்குச் சிகிச்சை செய்தார். ஊராட்சியினர் உதவியை நிறுத்தியபோது தம் இல்லத்திலேயே வைத்துப் பேணினார். புண் ஆறிற்று, இரைப்பைக்குட் செல்லும் துவாரம் மட்டும் மூடவில்லை.

1825 இல் ஆராய்ச்சி தொடங்கிற்று. இறைச்சியையும் பாணையும் பட்டுநூலிற் கட்டித் துவாரத்தினூடே இறக்கிய போமொன்ட், அவற்றை இடையிடையே வெளியிலெடுத்துப் பார்த்தார். சமிபாடு ஓர் இரசாயன நிகழ்வு என்பதற்கு 1833 இல் வெளிவந்த அவரது நூல் வலிய சான்றாயிற்று.

அதற்கு முந்திய ஆண்டில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஆண்டொன்றுக்கு 150 டொலரும் உணவும் உறையுளும் மார்ட்டினுக்கு. வைத்தியர் செல்லுமிடமெல்லாம் சென்று, தம் இரைப்பையில் அவர் செய்யும் சோதனைகளுக்கு உட்படுவது கடமை. எழுத்தறியாத மார்ட்டின் புள்ளடியிட்டார்.

இது சம்மதமா? சட்டம் ஆமென்னும். ஆனால் மனைவி மக்களைக் காக்க வேண்டிய ஓர் ஏழை, தம் உயிரைக் காத்தவரின் முன்னே நின்று இட்ட புள்ளடி அது. ஒருபுறம் வறுமை; மறுபுறம் நன்றிக்கடன். இவ்விரண்டுக்குமிடையில் நிற்பவனுக்கு மறுக்கும் உரிமை எவ்வளவு?

போமொன்ட்டைக் கொடியவரென்று சாடுதல் எளிது, அது நேர்மையாகாது. அவருடைய கருணையும் மெய், அறிவு வேட்கையும் மெய். எனினும் நல்லவர் ஒருவரின் கையிலும் ஏற்றத்தாழ்வு ஏற்றத்தாழ்வாகவே இருக்கும் என்பதை நாம் மறத்தலாகாது.

1834 இல் மார்ட்டின் கனடாவுக்குத் திரும்பினார். எத்தனையோ முறை அழைப்பு வந்தும், 1853 இல் போமொன்ட் இறக்கும்வரை அவர் மீண்டும் செல்லவில்லை. 1880 இல் மார்ட்டின் இறந்தபோது, மருத்துவர் கைக்கு உடல் போகாதிருக்கும் பொருட்டு, குடும்பத்தார் அதனை அழுகவிட்டு ஆழப் புதைத்தனர். புள்ளடி சொல்லாததை அப்புதைகுழி சொல்லிற்று.

சோதனைக்கு உட்படுபவர் எந்நேரமும் விலகலாம் என்று 1947 இல் நியூரம்பேர்க் நெறிகள் வகுத்தன. நல்ல நெறியே. ஆயினும் கூலிக்காகப் புதிய மருந்துகளைத் தம் உடலில் ஏற்கும் ஏழைகள் இன்றும் உளர். விலகினால் அடுப்பெரியாது என்றிருப்பவனுக்கு விலகும் உரிமையால் என்ன பயன்? மனிதர் பசியிலிருந்து விடுபடும்போதுதான் அவர்தம் சம்மதமும் முழுமை பெறும்.

அதுவரை, சமிபாட்டுப் பாடத்திலே போமொன்ட்டின் பெயரோடு மார்ட்டினின் பெயரையும் சேர்த்துச் சொல்வோம். அது நாம் செலுத்த வேண்டிய மிகச் சிறிய கடன்.