எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவீங்க?

அண்ணன் மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டாள், அடுத்து பி.எட். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுத் தாளில் ஏழு கல்லூரிகளின் பெயரை எழுதிக்கொண்டு வந்து, "எதுல சேரட்டும் அத்தை?" என்றாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஃபீஸ், பஸ் வசதி. மூன்று பெயருக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் சின்னதாக ஒரு 'நா'. என்னவென்று கேட்டேன். "நான்-ரெகுலர் அத்தை. பணம் கட்டிட்டு, பரீட்சைக்கு மட்டும் போனாப் போதுமாம்."

முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தியவளுக்குக் கோபம் வராமல் இருக்குமா? ஆனால் அவள் போட்ட கணக்கில் தப்பில்லை. கல்லூரிக்குப் போனவளா, போகாதவளா என்று பட்டத்தில் அச்சடிப்பதில்லை. பிறகு எழுதப்போகிற ஆசிரியர் தகுதித் தேர்வின் (டெட்) 150 கேள்வியிலும் அது வராது. இந்த இரண்டு வருஷமும் ட்யூஷன் எடுத்தால் வீட்டுக்கு ஆகும். அண்ணன் மனதிலும் அதுதான் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்.

பிளஸ் டூ முடித்த கையோடு கேட்டிருந்தால் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்துக்கு எழுதிப் போடச் சொல்லியிருப்பேன். 1963 முதல் இருக்கிறது, பட்டமும் பி.எட்.டும் சேர்த்து நாலு வருஷம், வளாகத்துக்குள்ளேயே பள்ளிக்கூடம். இப்போது அந்த பஸ் போய்விட்டது.

எங்கள் காலத்தில் பி.எட். ஒரே வருஷம், அதில் நாற்பது நாள் கற்பித்தல் பயிற்சி. மற்ற நாட்களில் கேட்ட உளவியல், தத்துவம் எல்லாம் பரீட்சையோடு போயிற்று. நாற்பது நாளில் ஒரு நாள் மட்டும் அப்படியே இருக்கிறது.

எட்டாம் வகுப்பு. (a+b)² நடத்தினேன். பாடக்குறிப்பு மூன்று பக்கம், சார்ட்டில் மூன்று கலர். கடைசி பெஞ்சில் அந்த வகுப்பின் கணக்கு டீச்சர் உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் எழுந்து, "a²-உம் b²-உம் போதாதா டீச்சர்? நடுவுல 2ab எதுக்கு?" என்றாள். விரித்து எழுதிக் காட்டினேன். "சரி டீச்சர்" என்று உட்கார்ந்தாள். புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. போர்டு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இடைவேளையில் கணக்கு டீச்சர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு சதுரத் தாளைக் கொடுத்து, "ஒரு ஓரமா மடி. அதே அளவுக்கு அடுத்த ஓரத்தையும் மடி. இப்ப பிரி" என்றார். பிரித்தால் மடிப்புக்கோடுகளுக்கு நடுவே பெரிய சதுரம் ஒன்று, சின்னச் சதுரம் ஒன்று, ஒரே அளவில் இரண்டு நீள்சதுரம். 2ab கையில் இருந்தது. சூத்திரம் எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் அந்தப் பெண்ணிடம் தாளை மட்டும் கொடுத்தேன்.

2014-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் விதிமுறைகளை மாற்றி, பி.எட்.டை இரண்டு வருஷமாக்கியது. இருபது வாரம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். அதற்கு 90 விழுக்காடு வருகை. காகிதத்தில் நல்ல விதிதான். அந்த இருபது வாரத்தைத்தான் 'நா' போட்ட கல்லூரிகள் ரெக்கார்டு நோட்டாக மாற்றி விற்கின்றன.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படித்தான் பி.எட். வாங்கினார். இன்றைக்கு நல்ல வாத்தியார். "முதல் வருஷம் என்கிட்ட படிச்ச பிள்ளைங்கதான் டீச்சர் எனக்கு பி.எட்." என்று அவரே சொல்வார். அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நான் கேட்டதில்லை.

அண்ணன் மகளிடம், "கட்டடம், தரச்சான்று எதையும் கேட்காதே. பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவீங்க, கடைசி பெஞ்சுல யார் உட்காருவாங்கன்னு மட்டும் கேளு" என்றேன். என் முன்னாலேயே போன் போட்டாள். முதல் இடத்தில், "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம்மா" என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு வயசான குரல் நாலு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, "காலைல பிரேயருக்கே நிக்கணும், முடியுமாம்மா?" என்றது.

அவள் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்த ஊருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ட்யூஷன் நடக்காது. இதை அண்ணனிடம் யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை.