சேர்தலும் சேர்த்தலும்

தமிழ் இலக்கணம் வினைச்சொற்களைத் தன்வினை என்றும் பிறவினை என்றும் பிரித்துக் காட்டுவதைப் பள்ளிப் பருவத்தில் பரீட்சைக்குரிய செய்தியாக மட்டுமே மனனம் செய்திருந்த எனக்கு, அறுபதை எட்டுகிற வயதில், எண்பத்து மூன்று பிராயமான அன்னையாருக்காகக் கோயமுத்தூரைச் சுற்றியுள்ள முதியோர் இல்லங்களின் படிகளை ஏறி இறங்கிய நாட்களில்தான், அந்தப் பிரிவினைக்குள் ஒரு தர்ம விசாரமே அடங்கியிருப்பது புலப்பட்டது. ‘இல்லத்தில் சேர்ந்தார்’ என்பது தன்வினை. ‘இல்லத்தில் சேர்த்தார்கள்’ என்பது பிறவினை. மெல்லினமாக இருந்த ஓரெழுத்து வல்லினமாகிறது; எழுத்தளவில் அவ்வளவே வேறுபாடு. அந்த ஓரெழுத்து வன்மையடையும்போது ஒரு மனிதப் பிறவியின் கடைசி சுதந்திரம் கைமாறிவிடுகிறது என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

அன்னையார் ஒரே வருஷத்தில் இருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்தார். இரண்டாம் முறை இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சையும் ஆனபிறகு, எழுந்து உட்காரவும், கழிப்பறைக்குச் செல்லவும், புடவையைச் சுற்றிக்கொள்ளவும் மற்றொருவர் கை வேண்டியதாயிற்று. எனக்கும் முழங்கால் நோவுள்ள என் மனைவிக்கும் மனம் இருந்ததே தவிர, கையில் வலு இல்லை. நிலைமையை எடுத்துச் சொன்னபோது உறவினர் ஒருவர், “பெத்த பிள்ளை கண்ணு முன்னாடி இருக்கும்போது ஹோமுக்கா?” என்று கேட்டார். பல இரவுகள் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குள் ஒரு சரித்திரம் இருப்பதும் உண்மை. 1782-ஆம் ஆண்டில் சென்னை இராயபுரத்தில், பஞ்சத்தால் வாடியவர்களுக்குக் கஞ்சி வார்க்க ஏற்பட்ட மணியக்காரர் சத்திரமாகட்டும், 1839-இல் பிரான்ஸ் தேசத்தில் ழான் ஜூகான் என்ற எளிய பெண்மணி, பார்வையிழந்த மூதாட்டி ஒருவருக்குத் தம்முடைய படுக்கையையே விட்டுக்கொடுத்துத் தொடங்கிய திருத்தொண்டாகட்டும், எல்லாம் ஆதரவற்றோரை உத்தேசித்து எழுந்தவையே. நாதியில்லாதவர் ஒதுங்கும் நிழல் என்ற எண்ணம் அந்த ‘ஹோம்’ என்ற சொல்லை இன்றும் விட்டபாடில்லை.

ஆயினும், முதுமையில் வீட்டை விட்டு நீங்குவதை நம் முன்னோர் இழிவாகக் கருதியவர்கள் அல்லர். தோல் சுருங்கித் தலை நரைத்து, பேரப்பிள்ளையின் முகத்தையும் கண்டுவிட்ட கிருகஸ்தன் வனத்தை நாடக் கடவன் என்று மனு ஸ்மிருதி விதிக்கிறது. தொல்காப்பியத்தின் கற்பியலோ, இல்லறத்தின் கடைப்பகுதியில் தலைவனும் தலைவியும், காவலாக நிற்கும் மக்களோடும் அறத்தை விரும்பும் சுற்றத்தோடும் கூடியிருந்து மேலானதைப் பயில்வதே, கழிந்துபோன வாழ்நாளுக்கெல்லாம் பயன் என்று கருதுகிறது. ஒன்று பிரியச் சொல்கிறது. மற்றொன்று கூடியிருக்கச் சொல்கிறது. இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தி வாதிட எனக்கு விருப்பமில்லை; இரண்டு வாக்கியங்களிலும் எழுவாயாக நிற்பவர் முதியவரே என்பதுதான் என் நெஞ்சைத் தொட்டது. வனத்துக்குப் போகிறவரும் அவரே, மக்களோடு இருந்து பயில்கிறவரும் அவரே. தந்தைக்காக மகன் மேற்கொள்ளக்கூடிய வானப்பிரஸ்தம் என்று ஒன்றை எந்தச் சாஸ்திரமும் சொன்னதாக நான் அறியேன்.

இந்தக் கருத்தோடு மகாபாரதத்தின் ஆசிரமவாசிக பர்வத்தை மறுபடியும் படித்தேன். யுத்தம் முடிந்தபின் பதினைந்து ஆண்டுகள் திருதராஷ்டிரர் அஸ்தினாபுரத்து அரண்மனையிலேயே யுதிஷ்டிரனுடைய பராமரிப்பில் இருக்கிறார். அன்னத்துக்கும் ஆடைக்கும் உபசாரத்துக்கும் குறைவில்லை. மைந்தர்களை இழந்த அந்தக் கிழவருடைய மனம் எவ்விதத்திலும் நோகலாகாது என்பது யுதிஷ்டிரனுடைய கட்டளை. ஆனால் அதே கூரையின் கீழ் பீமனும் இருக்கிறான். கிழவருடைய காதில் விழும்படியாகத் தன் தோள்களைத் தட்டிக்கொண்டு, இந்தக் கரங்களே அவருடைய புத்திரர்களை மாய்த்தவை என்று அவன் பெருமை பேசுகிறான். அந்தச் சொல் யுதிஷ்டிரனுடைய செவிக்கு எட்டவே இல்லை. கிழவரும் காந்தாரியும் ஒருவருக்கும் தெரியாமல் ஆகாரத்தைக் குறைத்துக்கொண்டு, வெறுந்தரையில் படுத்து, விரதமாகவே நாட்களைக் கழித்துவருகிறார்கள். முடிவில் அவர் வனம் செல்ல அநுமதி கேட்கும்போதுதான், அந்த நலிந்த உடம்பின் அந்தரங்கம் தர்மபுத்திரனுக்குத் தெரிகிறது. தான் இருக்கும் வீட்டிலேயே பெரியவர் ஒருவர் பட்டினி கிடந்ததை அறியாத மகனாகத் தன்னை அவன் உணர்ந்து கலங்கும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, எங்கள் வீட்டுக் கூடத்தில் அன்னையார் சாய்ந்திருந்த நாற்காலியை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பீமனின் சொல்லை ஒருவரும் சொன்னதில்லை. எனினும், அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கும்போதெல்லாம் நான் விட்ட பெருமூச்சு அவருடைய காதில் எவ்வாறு விழுந்திருக்கும்?

யுதிஷ்டிரன் முதலில் அவர்களை விட மறுக்கிறான்; வியாசர் வந்து எடுத்துரைத்த பின்னரே சம்மதிக்கிறான். அப்போது ஒருவரும் எதிர்பாராத வண்ணம், ராஜ்யத்தை வென்ற பிள்ளைகளுக்கு நடுவில் ராஜமாதாவாக வீற்றிருக்க வேண்டிய குந்தியும் உடன் புறப்படுகிறாள். ஐவரும் அழுது மன்றாடியும் அவள் திரும்பவில்லை. வீட்டில் அன்பு குறைந்ததனால் அவள் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணிழந்தவரையும், கண்ணைக் கட்டிக்கொண்டவளையும் வழிநடத்த ஒரு கை வேண்டும் என்று எண்ணி, தனக்கென ஒரு காரியத்தை ஏற்றுக்கொண்டு அவள் போகிறாள். பிற்பாடு பாண்டவர்கள் பரிவாரத்தோடு வனத்துக்குப் போய் அவர்களைக் கண்டு, சில காலம் அங்கேயே தங்கியும் இருக்கிறார்கள். போகவிட்டதோடு புத்திர தர்மம் தீர்ந்துவிட்டதாக அவர்கள் கருதவில்லை.

நம் காலத்தில் இந்தத் தர்மத்தின் ஒரு பகுதியைச் சட்டம் ஏற்றிருக்கிறது. பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பேணுவதற்கென 2007-இல் இயற்றப்பட்ட சட்டம், கைவிடப்பட்ட பெற்றோருக்கு மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தர வழி செய்து, அவர்களைக் கைவிடுவோருக்கு மூன்று மாதம் வரையிலான சிறையையும் விதித்திருக்கிறது. அவசியமான சட்டம்தான். பீமனுடைய நாவும் என்னுடைய பெருமூச்சும் அதன் எல்லைக்குள் வருவன அல்ல.

ஆகவே அன்னையாரையே கேட்டேன். வெகு நேரம் மௌனமாக இருந்தவர், “நானும் வந்து பார்க்கிறேன். எனக்குப் பிடிக்கலேன்னா திரும்பி வந்துடுவேன்” என்றார். தள்ளுநாற்காலியில் அவரையும் அழைத்துச் சென்ற பிறகுதான் என் கண்ணுக்குத் தப்பியவை தெரியலாயின. சலவைக் கல் பதித்த கூடத்தையும் பூந்தோட்டத்தையும் நான் பார்த்தேன். ஆயா ஒருத்தி ஒரு பெரியவரை ‘நீ’ என்று அழைத்ததை அன்னையார் கேட்டார். பூஜைக்கு நெய்த்திரி விளக்கு ஏற்றலாமா, ஏகாதசியன்று பலகாரம் கிடைக்குமா, இல்லாதவரின் திதிக்கு வீட்டுக்குப் போய்வர விடுவார்களா என்பவை அவருடைய கேள்விகள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆயாக்கள் என்பதும், படுத்த படுக்கையாகிவிட்டால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா என்பதும் என்னுடையவை. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் கண்டுவிடும். அந்தப் புரட்டுதலுக்கு நள்ளிரவில் விழித்திருக்கும் ஒரு ஜீவன் தேவை. முன்பணமாகப் பல லட்சம் கேட்ட ஓரிடத்தில், படுக்கையாகிவிட்டவரைக் குடும்பத்தாரே அழைத்துப் போய்விட வேண்டும் என்ற ஷரத்து ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. வலுவாக இருக்கும்வரை மட்டும் தாங்கும் கையை ஆதரவு என்று எப்படிச் சொல்வது?

என் வாதத்துக்கு ஓர் இடையூறு இருப்பதை நான் மறைக்க மாட்டேன். நினைவு அழிந்து, தம் பிள்ளையையே யாரென்று கேட்கும் நிலையை அடைந்துவிட்ட ஒருவரிடம் சம்மதம் கேட்பது எங்ஙனம்? அங்கே பிறவினை தவிர்க்க முடியாதது. பிள்ளைதான் சேர்க்க வேண்டும். ஆயினும், அறிவு தெளிந்திருந்த நாட்களில் அவர் எதை விரும்பினார், எதற்குக் கூசினார் என்பதைக் கேட்டு அறிந்து வைத்திருந்தவன் அவருடைய வாக்கைச் சுமந்துகொண்டு போகிறான். கேளாதவன் தன் சௌகரியத்தையே சுமந்து போகிறான். அன்னையாரிடம் அவற்றையெல்லாம் கேட்டு வைக்க எனக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்பது ஒன்றே அந்த நாட்களில் எனக்கிருந்த ஆறுதல்.

நாங்கள் நான்காவதாகப் பார்த்தது ஓர் ஓட்டுக் கட்டடம். முன்னால் வேப்பமரம் ஒன்று. நான் வரவு செலவுகளை விசாரித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, அதற்கு முன் மூன்று இடங்களிலும் கேட்ட அதே கேள்வியை அன்னையார் அங்கும் நிர்வாகியிடம் கேட்டார்: “இங்க யாராவது தவறிப்போயிட்டா எந்த வாசல் வழியா எடுத்துட்டுப் போவீங்க?” ஓரிடத்தில், மற்றவர்கள் மனம் கலங்காதிருக்க இரவிலேயே பின்புறக் கதவு வழியாக அனுப்பிவிடுவதாகப் பதில் வந்திருந்தது. மற்ற இரண்டிடங்களில் பேச்சை மாற்றிவிட்டார்கள். அந்த அம்மையார் மட்டும் கையிலிருந்த நோட்டைக் கீழே வைத்துவிட்டு, “முன்வாசல் வழியாத்தாம்மா. நடக்க முடிஞ்சவங்க எல்லாரும் வாசல்ல வந்து நிப்பாங்க, முடியாதவங்க கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிவிடச் சொல்லுவாங்க” என்றார்.

அன்னையார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நான் எடுத்த பேனாவுக்காகக் கையை நீட்டினார்.