நினைவும் ஆன்மாவும்

2003 நவம்பர் 22 அன்று சிட்னி நகரில், உலகக் கோப்பை ரக்பி இறுதியாட்டத்தின் கூடுதல் நேரமும் முடியும் தறுவாயில், பக்கக்கோட்டருகே நின்ற ஸ்டீவ் தாம்சன் இரு கைகளாலும் பந்தைத் தலைக்குமேல் உயர்த்தி, வரிசையின் கடைக்கோடியில் எழும்பிய லூயிஸ் மூடிக்குக் குறி தவறாமல் எறிந்தார்; அந்தப் பந்தே சில நொடிகளில் ஜானி வில்கின்சனின் வலக்காலை அடைந்து, இங்கிலாந்துக்கு 20-17 என்ற வெற்றியைத் தேடித் தந்தது. ஆனால் மறதிநோய்க்கு ஆளாகி, களத்தில் தலையில் பட்ட அடிகளே அதற்குக் காரணமென்று வழக்காடும் தாம்சனோ, அன்று தாம் அங்கிருந்ததே ஞாபகமில்லை என்று 2020-இல், தமது 42-வது வயதில் பகிரங்கமாகச் சொன்னார்.

நினைவின் தொடர்ச்சியே ஒருவனை அவனாக வைத்திருக்கிறது என்னும் தத்துவஞானி ஜான் லாக்கின் சித்தாந்தப்படி, அன்று வென்ற பதக்கம் இன்று யாரோ ஓர் அந்நியருடையது! நியாய தரிசனத்தைச் சேர்ந்த நையாயிகர்களோ நினைவைச் சான்றாகக் காட்டி நித்தியமான ஆன்மாவை ஸ்தாபித்தவர்கள். எனினும் புகை அடங்கினால் தணலும் அவிந்ததென்று அனுமானிக்க அவர்கள் தர்க்கம் இடம் தராது. என் மனம் இவர்கள் பக்கமே சாய்கிறது. வினையின் பலன் கர்த்தாவைச் சேர்வதற்கு அவன் அதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டுமென்ற நிபந்தனை இல்லைதான். ஆயினும் பெற்ற புகழ் மறந்துபோய், பட்ட அடியின் பலன் மட்டும் தங்கியிருப்பதற்கு எந்தச் சாஸ்திரத்திலும் எனக்குச் சமாதானம் கிட்டவில்லை.