பன்னிரண்டாம் வசனம்

ஆயக்குடிப் பக்கம் கிறிஸ்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மேற்கே பழனி முருகன், தெற்கே கொடைக்கானல் மலைத்தொடர், நடுவில் கொய்யாத் தோப்புகள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னச் சபைகள். ஓர் ஆயருக்குப் பல ஊர்கள் என்பதால் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அவரால் எல்லா ஊருக்கும் வர முடியாது. அவர் வராத வாரம் யாராவது ஒருவர் ஆராதனை நடத்தி, பிரசங்கமும் செய்தாக வேண்டும். அப்படி ஒரு வாரத்துக்கு, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பேசட்டும் என்று சபைக் கமிட்டியில் பேச்சு வந்தது. வேதத்தை நாற்பது வருஷமாக ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக் கொடுத்தவர். "டீச்சர் பாட்டு நடத்தட்டும், ஜெபம் பண்ணட்டும். பிரசங்கம் மட்டும் வேண்டாம். நான் சொல்லல, வேதம் சொல்லுது" என்றார் ஒரு பெரியவர். 1 தீமோத்தேயு 2:12. பெண் உபதேசம் பண்ணவும், ஆணின்மேல் அதிகாரம் செலுத்தவும் அனுமதி இல்லை என்கிற வசனம். அதோடு பேச்சு முடிந்தது. டீச்சரிடம் கேட்கும் வேலையே வரவில்லை.

அந்தப் பெரியவர் கெட்டவர் அல்ல. வேதத்துக்குப் பயந்து நடக்கிற மனுஷன். அதனால்தான் அவர் சொன்னதை அப்படியே தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்தேன். பதினைந்தே வசனங்கள்.

எட்டாம் வசனம் ஆண்களுக்கு: எல்லா இடத்திலும் கைகளை உயர்த்தி ஜெபம் பண்ணுங்கள். எங்கள் சபையில் ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டுதான் ஜெபிக்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் கையைத் தூக்கினால் நம் ஆட்கள் ஒரு மாதிரி பார்ப்பதும் உண்டு. ஒன்பதாம் வசனம் பெண்களுக்கு: பின்னல் வேண்டாம், பொன் வேண்டாம், முத்து வேண்டாம், விலையேறிய உடை வேண்டாம். தமிழ்நாட்டில் இதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைச் சேலை கட்டி, ஒரு பொட்டுத் தங்கம் இல்லாமல் வரும் பெந்தெகொஸ்தே சகோதரிகளைப் பழனி பஸ் ஸ்டாண்டிலேயே பார்க்கலாம். நம் சபையிலோ பட்டுச் சேலையும், மல்லிகை சூடிய பின்னலும், கழுத்து நிறைய நகையுமாகத்தான் கல்யாணம். அதை ஆயரே ஆசீர்வதித்து நடத்தி வைக்கிறார். பிறகு பன்னிரண்டாம் வசனம். அது மட்டும் சட்டம். கடைசியில் பதினைந்தாம் வசனம்: பிள்ளைப்பேற்றினாலே பெண் இரட்சிக்கப்படுவாள். இதை வைத்து ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை. குழந்தையில்லாத தம்பதிகள் முன் வரிசையில் இருக்கும்போது எந்த ஆயருக்கு அந்தத் துணிச்சல் வரும்? கல்யாணமே செய்துகொள்ளாமல் டோனாவூரில் பெண் குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாருக்கு இரட்சிப்பு இல்லை என்று யார் சொல்வார்?

ஆக, ஒரே அதிகாரத்தில் நான்கு வசனம். மூன்றுக்கு "அது அந்தக் காலம்" என்கிறோம். ஒன்றுக்கு மட்டும் "அது எக்காலத்துக்கும்" என்கிறோம். எது அந்தக் காலம், எது எக்காலம் என்று பவுல் கோடு போட்டுக் கொடுக்கவில்லை. கோடு போட்டது நாம். அதைப் பவுலின் கையெழுத்து என்று காட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

பெரியவர் பக்கத்திலும் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. இது தீமோத்தேயு இருந்த எபேசு பட்டணத்துக்கு மட்டும் சொன்னதல்ல. பதின்மூன்றாம் வசனத்தில் பவுல் ஆதாமையே இழுத்து, முதலில் உருவாக்கப்பட்டவன் அவன் என்கிறாரே, படைப்பின் ஒழுங்கு மாறுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இதே படைப்பு வாதத்தைப் பவுல் இன்னோர் இடத்திலும் வைக்கிறார். 1 கொரிந்தியர் 11. அங்கே பேச்சு முக்காட்டைப் பற்றி. ஆணிலிருந்து பெண் வந்தாள் என்று தொடங்குகிறவர் நாலு வசனம் தாண்டுவதற்குள், ஆணும் பெண்ணால்தானே பிறக்கிறான், எல்லாம் தேவனால் உண்டானவை என்று தானே அதைத் திருப்பிப் போடுகிறார். அதைவிட முக்கியம், அங்கே அவர் சொல்வது என்ன? ஜெபம் பண்ணுகிற பெண்ணும், தீர்க்கதரிசனம் சொல்லுகிற பெண்ணும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்பது. மூடிக்கொண்டு? சத்தமாக, சபையில், பேச வேண்டும். பேசாத பெண்ணுக்கு எதற்கு இந்த ஒழுங்கு? தமிழ்ச் சபைகள் இந்த அதிகாரத்திலிருந்து முக்காட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டன. பேச்சை விட்டுவிட்டன.

அதே கடிதத்தின் பதினாலாம் அதிகாரம் பெண்கள் சபையில் அமைதியாக இருக்கட்டும், ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமானால் வீட்டில் புருஷனிடம் கேட்கட்டும் என்கிறது. மூன்று அதிகாரத்துக்கு முன் பேசச் சொன்னவர் இங்கே வாயை மூடச் சொல்கிறாரா என்று அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் இந்த இரண்டு வசனங்களும் இடம் மாறி, அதிகாரத்தின் கடைசியில் இருக்கின்றன என்பதும் உண்மை. அந்தச் சர்ச்சைக்குள் நான் போகவில்லை. எங்கள் ஊர்க் கேள்வி எளிமையானது. இங்கே பல வீடுகளில் பெண் மட்டும்தான் ஞானஸ்நானம் எடுத்தவள். புருஷன் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து மலை ஏறுகிறவர். நல்ல மனுஷன்தான், மனைவியைச் சபை வாசல்வரை வண்டியில் கொண்டுவந்து விடுவார். அவரிடம் போய் அவள் ரோமருக்கு எழுதின நிருபத்தில் சந்தேகம் கேட்பாளா? விதவை யாரிடம் கேட்பாள்? அந்த வசனம் ஏதோ ஒரு சபையில், ஏதோ ஒரு கூச்சல் குழப்பத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்று எடுத்துக்கொண்டால்தான் ஆயக்குடியில் அதற்குப் பொருள் கிடைக்கிறது.

ரோமர் 16-ஐ நாம் வாசிப்பதே இல்லை. பெயர்ப் பட்டியல் என்று தாண்டிவிடுகிறோம். கெங்கிரேயா சபையின் பெபேயாள் அதில்தான் வருகிறாள். புருஷனுக்கு முன்னால் பெயர் வரும் பிரிஸ்கில்லாள் வருகிறாள். அப்பொல்லோ என்கிற பேச்சு வல்லவரை அழைத்து வைத்து, அவருக்குத் தெரியாததை விளக்கிச் சொன்ன தம்பதியில் ஒருத்தி. யூனியா வருகிறாள், நாலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரிய பிரசங்கி யோவான் கிறிசோஸ்தோம் அவளைப் பெண் என்றே அறிந்து, அப்போஸ்தலர் வரிசையில் வைத்துப் புகழ்ந்திருக்கிறார். திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்று பட்டியல் நீள்கிறது. தன்னோடு பாடுபட்ட பெண்களை இப்படிப் பெயர் சொல்லி வாழ்த்தியவரும் பவுல்தான்.

வேதத்தை மூடிவிட்டு நம் சரித்திரத்தைத் திறந்தாலும் இதே கதை. திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தில் நிற்பவர் ஒரு பெண். தஞ்சாவூர் மராட்டியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்கிற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார். அதனாலேயே மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல், குளோரிந்தா என்ற பெயரோடு அது கிடைத்தது. 1780-இல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர். முதல் பெயர் அவருடையது. அவர் முன்னின்று கட்டிய ஆலயத்தை 1785-இல் சுவார்ட்ஸே வந்து பிரதிஷ்டை செய்தார். இன்றும் அதற்குப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் பெயர். ஆனால் தான் கூட்டிச் சேர்த்த சபைக்குப் போதிக்க ஆள் வேண்டுமென்று அவர் தஞ்சாவூரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. சத்தியநாதன் என்கிற உபதேசியார் வந்தார். சபையைக் கூட்டலாம், கட்டடம் கட்டலாம், பிரசங்கபீடம் மட்டும் ஆணுக்கு. இந்த ஏற்பாடு அன்றே தொடங்கிவிட்டது.

எங்கள் மதுரைப் பக்கமும் அப்படியே. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனெரிகள் மதுரைக்கு வந்தார்கள். 1845-இல் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பிக் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். ஆனால் வீட்டுக்குள் இருந்த பெண்களிடம் அந்த வெள்ளைக்கார ஐயர்மார் போய்ப் பேச முடியவில்லை. போனவர்கள் பைபிள் உமன்கள். வெயிலில் நடந்து, திண்ணை திண்ணையாக ஏறி, எழுத்தும் வேதமும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தவர்கள். அவர்களைப் பயிற்றுவிக்க ஈவா சுவிஃப்ட் அம்மையார் 1892-இல் மதுரையில் ஒரு பள்ளியே தொடங்கினார். அவர்கள் செய்தது உபதேசம் இல்லையென்றால் வேறு எது? கேட்டவர்கள் பெண்கள் என்பதால் அது உபதேசம் ஆகாது என்பீர்களா? அந்தப் பெண்களின் மடியில் கேட்டு வளர்ந்த பையன்கள்தான் பிறகு உபதேசியார்களும் கமிட்டி அங்கத்தினர்களும் ஆனார்கள்.

எங்கள் தென்னிந்தியத் திருச்சபை தன் சட்டப்படி இந்தக் கேள்வியை எப்போதோ முடித்துவிட்டது. 1970-களிலிருந்தே பெண்களுக்குக் குருப்பட்டம் உண்டு. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பெண்கள் ஆண்களோடு உட்கார்ந்து கிரேக்கமும் எபிரெயமும் படிக்கிறார்கள். 2013 செப்டம்பரில் புஷ்பலலிதா அம்மையார் பேராயர் ஆனார். அதுவும் தமிழ்நாட்டில் இல்லை, ஆந்திராவில், நந்தியாலில். கத்தோலிக்கர் வழி வேறு: 1994-இல் பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என்று போப் இரண்டாம் ஜான் பால் முடிவாகச் சொன்னார், வாசகர், பீடத்துணைவர் பணிகளை 2021-இல் போப் பிரான்சிஸ் பெண்களுக்கு முறைப்படி திறந்துவிட்டார். கத்தோலிக்கர் "முடியாது" என்பதை முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். நாம் சட்டத்தில் முடியும் என்று எழுதிவிட்டு, ஊரில் முடியாது என்கிறோம். எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று நழுவ மாட்டேன்: நம்முடையதுதான் மோசம்.

எல்லாவற்றையும் கலாச்சாரம் என்று தள்ளிவிடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படித் தள்ளினால் சத்துருவை நேசியுங்கள் என்பதையும் ஒருநாள் தள்ளிவிடலாம். வசனத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற பெரியவரின் பயம் நல்ல பயம். அந்தப் பயம் ஒன்பதாம் வசனத்துக்கும் பதினைந்தாம் வசனத்துக்கும் வராமல், பன்னிரண்டுக்கு மட்டும் வருவதுதான் கோளாறு. ஒரே முழக்கோலால் எல்லாவற்றையும் அளந்து பார்த்தபின்னும் பெண் போதிக்கக் கூடாது என்ற முடிவுக்கு ஒருவர் வந்தால், அவர் வீட்டு நகையையெல்லாம் கழற்றிவிட்டு வரட்டும், நானும் உட்கார்ந்து கேட்கிறேன்.

அதுவரை, அடுத்த முறை ஆயர் வராத ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் தேடும்போது, கமிட்டி ஐயாமார்களே, 1 தீமோத்தேயு இரண்டாம் அதிகாரத்தையும் ரோமர் பதினாறையும் கூட்டத்தில் முழுதாக வாசித்துவிட்டு முடிவெடுங்கள். டீச்சரையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.