கூண்டில் இருப்பவைகளை என்ன செய்வது?

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தாருக்கு ஆஸ்திரேலியாவில் குடியேற விசா வந்தது. தகப்பனாருக்கு அங்கே வேலை. தாயாரும் ஒன்பது வயதுப் பெண்ணும் கூடவே போகிறார்கள். பாட்டியம்மாள் மாத்திரம் இங்கேயே இருப்பதென்று தீர்மானம். வீட்டுச் சாவி யாரிடம், நகை எந்த பாங்கியில், பெட்டி ஒன்றுக்கு எத்தனை கிலோ என்றெல்லாம் பேசி முடித்த பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "அப்பா, முயலையும் லவ்பேர்ட்ஸையும் எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?" தகப்பனார் சிரித்துக்கொண்டே, "அதற்கெல்லாம் பிளேனில் டிக்கெட்டா? அங்கே போய் வேறு வாங்கித் தருகிறேன்" என்றார். பெண் மறுபேச்சுப் பேசவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை.

அந்தத் தகப்பனார் கெட்டவர் அல்ல. நம்மில் அநேகர் அதே பதிலைத்தான் சொல்லியிருப்போம். ஆயினும் "வேறு வாங்கித் தருகிறேன்" என்ற அந்த ஒரு வார்த்தையை நின்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உடைந்த குடத்துக்கு வேறு குடம் வாங்கலாம். நம் கையில் தின்று பழகிய ஒரு பிராணிக்கு அப்படி ஈடு வாங்க முடியுமா? முடியாதென்றால், அதைக் கடல் கடந்து தூக்கிச் செல்லத்தான் வேண்டுமா?

முதலில் சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். ஆஸ்திரேலியா இவ்விஷயத்தில் மிகவும் கண்டிப்பான நாடு. இந்தியாவிலிருந்து நாயோ பூனையோகூட அங்கே நேராக இறங்க முடியாது. அந்நாட்டார் ஒப்புக்கொண்ட வேறொரு தேசத்தில் தங்கி, பரிசோதனைகள் முடித்துத்தான் போக வேண்டும். வீட்டு முயலையும் வளர்ப்புப் பறவையையும் நியூஸிலாந்திலிருந்து மாத்திரமே கொண்டுவர விடுகிறார்கள். 2015-ல் ஜானி டெப் என்ற ஹாலிவுட் நடிகர் தம்பதியர் தங்கள் இரண்டு சின்ன நாய்களை அறிவிக்காமல் தனி விமானத்தில் கொண்டுவந்தபோது, நாய்கள் வெளியேறாவிட்டால் கொல்லப்படும் என்று அந்நாட்டு மந்திரி பகிரங்கமாகச் சொன்னார். நாய்கள் திரும்பிப் போயின.

இது வெறும் அதிகாரிகளின் பிடிவாதம் அல்ல. 1859-ல் விக்டோரியா மாகாணத்தில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டைப் பொழுதுபோக்குக்காகச் சுமார் இரண்டு டஜன் முயல்களை அவிழ்த்துவிட்டார். ஐம்பது வருஷத்துக்குள் அவை அக்கண்டத்தின் பெரும்பகுதியில் பரவி, புல்லையும் பயிரையும் மொட்டையடித்துவிட்டன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1,800 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள வேலி ஒன்றை 1907-ல் கட்டி முடித்தார்கள். முயல் அதற்கும் அடங்கவில்லை. 1950-ல் முயலைக் கொல்லும் நோய்க்கிருமியையே பரப்பினார்கள். அவ்வளவு பட்டவர்கள் நம் குழந்தையின் வெள்ளை முயலைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் ஆச்சரியம் என்ன?

லவ்பேர்ட்ஸின் கதை இன்னும் வேடிக்கையானது. நம் ஊர்க் கடைகளில் அந்தப் பெயரில் விற்கும் பச்சையும் நீலமுமான சின்னக் கிளிகளின் சொந்த தேசமே ஆஸ்திரேலியாதான். 1840-ல் ஜான் கூல்ட் என்ற பறவை ஆராய்ச்சியாளர் அவற்றை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அப்புறம் உலகமெங்கும் கூண்டுகளில் பெருகின. "அப்படியானால் அவை தங்கள் ஊருக்குத்தானே போகின்றன!" என்றாளாம் அந்தப் பெண். நியாயமான பேச்சுத்தான். ஆனால் சட்டம் தாத்தாவின் ஊரைக் கேட்பதில்லை. இப்போது எந்த ஊரிலிருந்து வருகிறாய் என்றுதான் கேட்கிறது. பிறந்த ஊரை விட்டுக் குடிபோனவர்களுக்கு இது புதிதல்ல.

ஆக, சட்டம் கதவை அடைத்துவிட்டது. கேள்வி தீர்ந்தது என்று தகப்பனார் பெருமூச்சு விட்டார். தீர்ந்தது பிரயாணக் கேள்வி மாத்திரமே. கடமையைப் பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது.

தொபியாஸ் ஆகமத்தை வாசித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: இளைய தொபியாஸ் தூரதேசத்துக்குப் புறப்பட்டபோது, இரபாயேல் சம்மனசானவர் வழித்துணையாய் நடக்க, அவர்களோடு ஒரு நாயும் போயிற்று. அந்த நாய் தன் சொந்தக் காலால் நடந்து போயிற்று. வேண்டாமென்றால் வாசலிலேயே படுத்திருக்கலாம். நம் வீட்டு முயலுக்கும் பறவைக்கும் அந்தச் சுதந்தரம் கிடையாது. கூண்டின் கதவை நாம் சாத்தினோம். தானாக இரை தேடும் வழியை நாம் எடுத்துக்கொண்டோம். அந்த நாள் தொடங்கி அதன் ஒவ்வொரு வேளை ஆகாரத்துக்கும் நாம் கடன்காரர்கள் ஆகிவிட்டோம். பிராணி சின்னதாய் இருப்பதால் கடனும் சின்னதாகிவிடாது. முயல் பத்து வருஷம்வரை இருக்கக்கூடிய ஜீவன். வாங்குகிற அன்று யார் அதை யோசிக்கிறோம்?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிராணிகளிடம் குரூரமாய் நடப்பவன் மனிதரிடத்திலும் குரூரனாவான் என்பது அர்ச். தோமாஸ் அக்வினாஸின் போதனை. 1992-ல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி, அவற்றைக் காரணமின்றி வதைப்பது மனித மேன்மைக்கு விரோதம் என்கிறது. அதோடு, மனிதரின் துன்பத்தைத் தீர்க்க வேண்டிய பணத்தைப் பிராணிகளுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. வட்டிக்கு வாங்கிப் பிரயாணம் போகிறவர், ஊரில் தாயாரின் மருந்துச் செலவைத் தம்பி தலையில் வைத்துவிட்டு, ஒரு முயலுக்காக அதன் விலையைப்போல் நூறு மடங்கு கட்டினால், அதை அன்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

போகும் தேசம் அனுமதிக்கிறது, கையில் பணமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் யாருடைய நன்மைக்காகக் கொண்டு போகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குப் போகும் முயலும் எலி இனப் பிராணிகளும் நான்கு மாதம் தனிக்காவலில் இருக்க வேண்டும். நமக்கு நான்கு மாதம் ஒரு பள்ளிக்கூடப் பருவம். இரண்டு வருஷமே வாழும் ஹாம்ஸ்டர் எலிக்கு அது ஆயுளில் ஆறிலொரு பங்கு. முயலுக்கு நம்மைப்போல் வியர்ப்பதில்லை. காது வழியாகத்தான் பெரும்பாலும் உஷ்ணத்தைப் போக்குகிறது. மற்ற மிருகங்களுக்கு இரையாகும் ஜாதியானதால், பயத்தையும் வலியையும் வெளிக்காட்டாமல் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். "பாவம், எவ்வளவு சாதுவாக வந்தது!" என்று விமான நிலையத்தில் நாம் மெச்சுவோம். அது சாதுவல்ல, திகில். கையில் வைத்திருக்க வேண்டும் என்ற நம் ஆசைக்கு அது கூலி கொடுக்கிறது.

தனியாக வாழும் ஒரு முதியவர் மகனோடு இருக்கக் கடல் கடக்கிறார். பன்னிரண்டு வருஷம் காலடியில் கிடந்த பூனை வேறு யாரையும் அண்டாது. அவ்வூர்ச் சட்டமும் இடங்கொடுக்கிறது என்றால், கொண்டு போகட்டும். அதில் எனக்குத் தயக்கமில்லை. கூண்டில் இருக்கும் சின்ன ஜீவன்களைப் பொறுத்தமட்டில், பெரும்பாலும் இங்கேயே நல்ல இடத்தில் விட்டுச்செல்வதுதான் தயவு என்பது என் அபிப்பிராயம். ஆனால் விட்டுச்செல்வது வேறு, தொலைத்துவிடுவது வேறு.

"கதவைத் திறந்துவிட்டால் பறந்து போய்விடும், அதுவும் புண்ணியம்தானே" என்று சிலர் சொல்கிறார்கள். கூண்டில் பிறந்த லவ்பேர்ட்ஸுக்கு இரை தேடத் தெரியாது. சாயங்காலத்துக்குள் காக்கைக்கு இரையாகும். கடையில் வாங்கிய செங்காது ஆமையைக் கோயில் குளத்தில் விடுகிறவர்கள், அக்குளத்தில் ஏற்கெனவே வாழும் ஜந்துக்களுக்குச் சத்துருவைக் கொண்டுவிடுகிறார்கள். (பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் வைத்திருப்பவர்கள் ஆஸ்திரேலியாவைப் பற்றி யோசிக்குமுன் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி யோசிக்கட்டும். அவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி.)

தகப்பனாருக்கு வேறொரு யோசனையும் இருந்தது: பெண் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, "பறந்து போய்விட்டது" என்று சொல்லிவிடலாம். தாயார் சம்மதிக்கவில்லை. "ஊரை விட்டு, தோழிகளை விட்டு, பாட்டியை விட்டுக் கூட்டிப்போகிறோம். பொய்யையும் சொல்லிக் கூட்டிப்போக வேண்டுமா?" என்று கேட்டார்களாம். அந்த அம்மாள் சொன்னது எனக்குச் சரியென்றே படுகிறது. அழுகிற பிள்ளையைச் சமாளிக்க முடியாமல் நாம் சொல்லும் பொய், பிள்ளைக்காகச் சொல்வதல்ல. நம் சௌகரியத்துக்காகச் சொல்வது.

கடைசியில், பெண்ணையே கூட வைத்துக்கொண்டு இடம் தேடினார்கள். கொல்லையும் நிழலும் இருக்கிற, ஏற்கெனவே முயல் வளர்க்கிற ஒரு வாத்தியார் வீடு கிடைத்தது. பெண் இரண்டு தடவை போய்ப் பார்த்து, நாய் இல்லையென்று நிச்சயப்படுத்திக்கொண்டு, அருகம்புல் எங்கே கிடைக்கும் என்றும் விசாரித்தாள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே முயலை அங்கே விட்டார்கள். ஒத்துப்போகாவிட்டால் வேறு ஏற்பாடு செய்ய அவகாசம் வேண்டுமல்லவா?

லவ்பேர்ட்ஸ் பாட்டியோடு இருக்கட்டும் என்று மகனும் மருமகளும் பேசி முடித்திருந்தார்கள். பாட்டியம்மாளை யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் அவர்களாகவே வாய் திறந்தார்கள். "என்னையும் கேட்கவில்லை, குருவியையும் கேட்கவில்லை. காலையில் சத்தம் போட இந்த வீட்டில் ஏதாவது இருந்தால் எனக்குச் சந்தோஷந்தான். ஆனால் எனக்குக் குனிந்து கூண்டு கழுவ முடியாது. நான் ஆஸ்பத்திரியில் படுத்தால் அதற்குத் தினை போடுவது யார்? அதைச் சொல்லிவிட்டுப் போ."

மகனுக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கேள்வி குருவியைப் பற்றியது மாத்திரமல்ல என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் அடுத்த வீட்டுக்காரரிடம் போய்ப் பேசினார். அவர்கள் பையன் வாரம் இரண்டு தடவை வந்து கூண்டைக் கழுவி, தினையும் தண்ணீரும் பார்த்து, பாட்டியம்மாளையும் ஒரு பார்வை பார்த்துப் போவதாக ஏற்பாடு. கூண்டைக் குனியாமல் எட்டும் உயரத்தில் மாட்ட ஓர் ஆணியும் அடித்தார்கள். பெண் தன் கையெழுத்தில் ஒரு காகிதம் எழுதி, சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள்: தினை ஒரு நாளைக்கு இரண்டு கரண்டி, முருங்கைக்கீரை செவ்வாயும் சனியும், ராத்திரி துணி போட்டு மூட வேண்டும், பாட்டி மாத்திரை எட்டு மணிக்கு.