உற்ற நோயும் உடனிருப்பாரும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நாமக்கல்லில் குன்றைக் குடைந்த கோயிலிலே ந்ருஸிம்ஹன் எழுந்தருளியிருக்க, அவனை நோக்கித் திருவடியான ஆஞ்சநேயர் 18 அடி உயரத்தில், மேற்கூரை இன்றி, வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கிறார். அந்த ஸந்நிதி வாசலில் சேலத்து முதிய நெசவாளர் ஒருவர் நம்மிடம் ஒரு விண்ணப்பம் செய்தார். குழித்தறியில் கால்களை இறக்கி, முதுகை வளைத்து ஆண்டுக்கணக்கில் வெண்பட்டு நெய்தவர். வைத்தியம் நடக்கிறது, ஆயினும் இடுப்பு வலி முற்றும் நீங்கவில்லை.

"ஸ்வாமி, வலியை அடியேன் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் அது மிகும்போது, கண்விழித்து ஒத்தடம் கொடுக்கிற மனைவியைக் கடிந்து பேசிவிடுகிறேன். இதற்கு என்ன செய்வது?" என்றார்.

வலி போக வழி கேட்டாரல்லர். வலியோடு பிறர் மனம் நோகாமல் வாழ வழி கேட்டார். இக்கேள்விக்கு நம் பூர்வர்களிடத்திலே விடை உண்டு.

பெரியாழ்வார் தம் திருமொழியில் (5-2) நோய்களையே முன்னிலைப்படுத்திப் பேசுகிறார். நெய்க்குடத்தைப் பற்றி ஏறும் எறும்புகளைப் போலே உடலைப் பற்றிக் கிடக்கும் நோய்களைப் பார்த்து, பிழைத்து ஓடிப்போங்கள் என்கிறார். எம்பெருமான் பாம்பணையோடும் வந்து புகுந்தபின் இவ்வுடல் காவலுள்ள பட்டினம் என்பது அவருடைய துணிவு. இங்கே நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஆழ்வாரின் கடுஞ்சொல் நோயின்மேல் சென்றதே அன்றி, அருகிருந்த ஒருவர்மேலும் சென்றதில்லை. நோய் வேறு, நோயாளி வேறு, உடனிருப்பார் வேறு. இந்தப் பிரிவு தெரியாதபோதுதான் வலியின்மேல் உள்ள சீற்றம், கஞ்சி கொண்டுவந்தவர்மேல் விழுகிறது.

இனி, உதவி பெறுவது எப்படி என்பதை மாறனேரி நம்பியிடத்தில் காணலாம். ஆளவந்தாருக்கு நேர்ந்த நோயை ஆசார்ய ப்ரஸாதமாகத் தாம் கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர். பிறர் நோயை ஏற்பது நம்மால் ஆகாது. ஆனால் அந்நோயிலே அவர் நடந்துகொண்ட முறை நமக்கும் ஆகும். ஸப்ரஹ்மசாரியான பெரிய நம்பி செய்த கைங்கர்யத்தை மறுக்காமல் ஏற்றார். தமக்குப்பின் இத்திருமேனி உறவினர் கையில் சேர்ந்துவிடுமோ என்ற அச்சத்தையும் மறைக்காமல், சரம கைங்கர்யத்தை நீரே செய்யவேணும் என்று பெரிய நம்பியிடம் வாய்விட்டுச் சொன்னார். பெரிய நம்பியும், ஊரார் ஏசுவரே என்று அஞ்சாமல், அவ்வாறே செய்தருளினார். வேண்டுவதைத் தெளிவாகச் சொன்னால் கேட்பவர்க்குச் செய்ய வழி தெரியும். சொல்லாமல் புழுங்கிக் கிடந்து, பிறகு "எனக்கு என்ன வேண்டுமென்று உனக்குத் தெரியாதா" என்று சீறுவது இருவரையும் வருத்தும்.

பார்க்க வருவோர்க்கும் ஒரு பாடம் உண்டு. நஞ்சீயர் நோவு சாத்தியிருந்தபோது, காணவந்த ஸ்ரீவைஷ்ணவர் ஒருவர், "தேவரீருக்குத் திருவுள்ளம் யாது?" என்று கேட்டார். திருமங்கையாழ்வார் பாசுரத்தைக் கேட்கவும், நம்பெருமாளின் புறப்பாட்டை ஸேவிக்கவும் ஆசை என்றார் சீயர், அவ்வாசை நிறைவேற்றப்பட்டது. நாமோ நோயாளியின் அருகிலமர்ந்து, "எல்லாம் கர்மபலன்" என்கிறோம். தன் வலியைக் குறித்துத் தனக்குள்ளே ஒருவர் அப்படி நினைந்து தெளியலாம். பிறர் வலியைக் குறித்து அவர் முகத்துக்கு எதிரே சொன்னால் அது தேறுதலாகாது, புண்ணில் கோலிட்டதாகும்.

நெசவாளருக்கு நாம் சொன்னது இவ்வளவே. "உம் தேவிகளும் தோளிலே சங்க சக்ர லாஞ்சனம் உடையவர். ஆகையால் அவரைக் கடிவது பாகவதாபசாரம். பாகவதாபசாரத்துக்கு, அபசாரப்பட்டவரிடமே சென்று பொறுப்பிக்க வேண்டுமென்பது நம் பெரியோர் நிலை. பெருமாள் ஸந்நிதியில் ஆயிரம் முறை விழுந்தாலும் அதற்கு ஈடாகாது. கடிந்த அன்றே, உறங்குமுன், 'வலியில் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்' என்று சொல்லும். வலி ஏறுகிறதென்று தோன்றும்போதே, 'இப்போது பேச இயலவில்லை, சற்றுநேரம் விடு' என்று முன்னதாக அறிவியும். அவரும் மனிதர், வாரத்தில் ஒருநாள் மகனை உடனிருக்கச் சொல்லி, அவரைக் கோயிலுக்கு அனுப்பும்."

அவர் சிறிது நேரம் திருவடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "அவளைக் கோயிலுக்கு அனுப்பிப் பல காலமாயிற்று ஸ்வாமி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நோயுற்றார்க்கும், அவர்க்கு உடனிருந்து கைங்கர்யம் செய்வார்க்கும் எம்பெருமானார் திருவடிகளே தஞ்சம்.

ஆழ்வார் எம்பெருமானார் சீயர் திருவடிகளே சரணம்.