கேளாமல் பெற்ற கடன்

‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்று ஒரு பழமொழி நம்மிடையே உலவுகிறது. ‘ஆயிரம் வேரைக் கொண்டவன்’ என்பதே சரியான பாடம் என்று திருத்துவார்கள். திருத்தம் ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பிழைக்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. பழகாத கை யார்மேலாவது பழகித்தானே ஆகவேண்டும்?

கண்புரை அறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்ந்த மருத்துவர் 10 நிமிஷத்துக்குள் முடித்துவிடுகிறார். பயில வந்தவருக்கு அரைமணியும் அதற்கு மேலும் ஆகிறது. மூத்தவரின் கை வேகமாக ஓடுகிறது என்று நாம் நினைக்கிறோம். அப்படியன்று, அது நிதானமாகத்தான் நகர்கிறது. வீணாக நகர்வதில்லை, அவ்வளவே. இளையவரோ கருவியை உள்ளே விடுகிறார், எடுக்கிறார், மறுபடியும் விடுகிறார். புரைக்குப் பின்னாலிருக்கும் சவ்வு தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அது கிழிந்துவிட்டால்? அந்தப் பயமே பாதி நேரத்தைத் தின்றுவிடுகிறது. ஆட்டுக் கண்ணில் எவ்வளவோ பழகலாம். ஆனால் அது பெருமூச்சு விடாது, அசையாது.

மதுரையில் 1976ஆம் ஆண்டு 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமிக்கு முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களைப் பழக்கி, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார் அவர். அந்தக் கைகளை வணங்குகிறோம். எந்தக் கைக்கும் முதலில் கண் கொடுத்தவர்களை யார் நினைக்கிறோம்?

என் அத்தைக்கு ஓர் ஊரில் கண் அறுவை நடந்தது. கண் மரத்திருந்தாலும் நினைவு தெளிவாக இருந்தது. “அவசரப்படாதே, மெதுவாக” என்று ஒரு முதிய குரல் யாருக்கோ சொல்லிக்கொண்டே இருந்ததாம். தன் கண்ணில் ஒரு மாணவர் பயில்கிறார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பார்வை நன்றாகவே திரும்பியது. ஆனாலும் நான் ஆத்திரப்பட்டேன். அத்தை சொன்னாள்: “அந்தப் பிள்ளையும் கத்துக்க வேண்டாமாடா? என்னைக் கேட்டிருந்தா நானே சரின்னிருப்பேன். கேக்காம விட்டாங்களே, அதுதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு.”

கற்பது குற்றமன்று. யாராவது ஒருவர் முதலில் படுத்துத்தான் ஆகவேண்டும். அந்த ஒருவர் எப்போதும் ஏழையாகவே இருப்பதும், அவரை ஒரு வார்த்தை கேளாமலிருப்பதுமே குற்றம். கேட்டுப் பெற்றால் அது தானம். கேளாமல் எடுத்தால் அதற்கு வேறு பெயர்.

வேகம் கைவந்த மருத்துவருக்கு ஒவ்வோர் அறுவையிலும் எத்தனையோ நிமிஷம் மிச்சமாகிறது. அதில் இரண்டு நிமிஷத்தை, மாணவருடன் அடுத்த படுக்கையருகே நின்று, “இவர் செய்யலாமா அம்மா?” என்று கேட்கச் செலவிடலாகாதா?